தோல் பிரிவு வரிசையில் நிற்பவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் தோல் நோய்ப் புறநோயாளிகள் பிரிவுக்கு எந்த நோய்கள் வருகின்றன, ஏன் வருகின்றன, எவை வராமலே தங்கிவிடுகின்றன என்று நோயாளிகளும் மருத்துவ மாணவர்களும் செவிலியர்களும் கேட்கும் கேள்விகள் இவை. படர்தாமரைக்கும் தொழுநோய்க்கும் இங்கே அதிக இடம் தந்திருக்கிறேன். இன்று அதிகம் கெட்டுப்போயிருப்பது முன்னது. அதிகம் மறைந்திருப்பது பின்னது.

இந்தப் பிரிவுக்கு அதிகமாக வருவது எந்த நோய்?

படர்தாமரை. தொடை இடுக்கு, இடுப்பு, பிட்டம், மார்பின் கீழ்மடிப்பு என்று வியர்வை தங்கும் இடமெல்லாம் வருகிறது. இப்போது முகத்திலும் பார்க்கிறோம். அதற்கடுத்து சொறி, சீழ்க்கொப்புளம், கட்டி ஆகிய தொற்றுகள். தொற்றாத நோய்களில் கரப்பான் எனப்படும் எக்ஸிமா வகைகள் முன்னே நிற்கின்றன. பரு, மங்கு, சொரியாசிஸ், வெண்புள்ளி, திடீர்த் தடிப்பு, புழுவெட்டு ஆகியவை அவற்றைத் தொடரும்.

அதே ஊரின் தனியார் தோல் மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பருவும் முடி உதிர்தலும் முகக் கருமையும் முன்னுக்கு வந்துவிடும். ஒரே வெயில், ஒரே தண்ணீர், வரிசை மட்டும் வேறு. ஒரே அறையில் ஐந்து பேர் படுத்து ஒரே துண்டில் துடைத்துக்கொள்ளும் வீட்டிலிருந்து வருபவர்கள் எந்த வாசலுக்கு வருகிறார்களோ, அந்த வாசலில் தொற்று நோய்கள் அதிகம்.

அப்படியானால் வரிசையில் முதலில் நிற்கும் நோய்தான் ஊரிலும் முதலிடத்தில் இருக்கிறதா?

அப்படிச் சொல்லக் கூடாது. புறநோயாளிகள் பதிவேடு வந்தவர்களின் கணக்கு. வராதவர்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஒரு நோய் ஊரில் எவ்வளவு இருக்கிறது என்று அறிய வேண்டுமானால் வீடு வீடாகப் போக வேண்டும்.

தோல் பிரிவுக்கு ஆளை அழைத்து வருவது பெரும்பாலும் அரிப்பு. தூக்கம் கெட்டால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டும் வருவார்கள். அடுத்தபடியாக, பிறர் கண்ணில் படும் குறை: கன்னத்தில் மங்கு, உதட்டில் வெள்ளை. அரிக்காமல், வலிக்காமல், சட்டைக்குள் மறைந்திருக்கும் நோய்க்கு ஓ.பி. சீட்டு யாரும் போடுவதில்லை. மேலும், ஆபத்தான தோல் நோய்கள் சில அமைதியாக இருக்கின்றன. கூட்டத்தைப் பார்த்து நாட்டின் தோல் நலத்தை அளப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

கணக்கெழுதும் முறையிலும் ஒரு பள்ளம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய் வகைப்பாட்டில் தோலுக்கென்று ‘எல்’ எழுத்தில் குறியீடுகள் இருக்கின்றன: எல்40 சொரியாசிஸ், எல்70 பரு, எல்80 வெண்புள்ளி. ஆனால் படர்தாமரை பி35, சொறி பி86, தொழுநோய் ஏ30. இவை தொற்றுநோய் அத்தியாயத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ‘எல்’ வரிசையை மட்டும் கூட்டிப் பார்த்து, தோல் பிரிவின் சுமை இவ்வளவுதான் என்று எழுதினால் தினமும் நாம் பார்க்கும் கூட்டத்தின் பெரும்பகுதி காணாமல் போய்விடும்.

பருவத்துக்குப் பருவம் மாறுமா?

நன்றாகவே மாறும். சித்திரை, வைகாசியில் வேர்க்குரு, வேனல் கட்டி, தேமல், கூடவே அம்மை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். மார்கழி, தையில் தோல் வறண்டு, சொரியாசிஸும் முதியவர்களின் கால் அரிப்பும் பித்தவெடிப்பும் கூடும். படர்தாமரை ஒரு காலத்தில் வெயிலோடு வந்து வெயிலோடு போகும் நோயாக இருந்தது. இப்போது அதற்குப் பருவம் இல்லை.

படர்தாமரை ஏன் முன்பு போல் ஆறுவதில்லை?

மூன்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன.

முதலாவது, கிருமியே மாறிவிட்டது. முன்பு இந்தியாவில் பெரும்பாலும் ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சைதான் காணப்பட்டது. இப்போது பரவலாக இருப்பது வேறொன்று. ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்தியாவையும் நேபாளத்தையும் சேர்ந்த நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளை ஆராய்ந்து 2020-ல் அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். இது வேகமாகப் பரவுகிறது, உடலின் பெரும்பரப்பைப் பிடித்துக்கொள்கிறது, அரிப்பும் கடுமை. 2023-ல் அமெரிக்காவின் நியூயார்க்கிலும் இதன் நோயாளிகள் பதிவானார்கள்.

இரண்டாவது, மருந்துக்குப் பணியாத குணம். டெர்பினாஃபின் என்ற மாத்திரை, பூஞ்சை தன் உறையைக் கட்டத் தேவையான ஒரு நொதியைத் தடுத்து வேலை செய்கிறது. இந்தப் பூஞ்சையின் பல வகைகளில் அந்த நொதிக்கான மரபணுவே திரிந்துவிட்டது. பூட்டு மாறிய பிறகு பழைய சாவியைத் திருப்பிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அதனால் மருத்துவர்கள் இப்போது இட்ராகோனசோல் என்ற வேறொரு பூஞ்சை மருந்தின் பக்கம் போகிறார்கள். அதிலும் கவனம் வேண்டும். வழக்கமான மாத்திரையை உணவோடு சாப்பிட்டால்தான் உடலில் சேரும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது, கொழுப்புக் குறைப்பு மாத்திரைகள் சிலவற்றோடு ஒத்துப்போகாது. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது, மருந்துக்கடை ட்யூப். இதற்குத் தனிக் கேள்வியே வேண்டும்.

கடையில் வாங்கிய களிம்பைப் போட்டால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கிறது. அதில் என்ன தவறு?

ஒரு நோயாளியின் பையிலிருந்து வெளியே வரும் ட்யூபைக் கையில் வாங்கிப் பாருங்கள். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிழியப்பட்டிருக்கும். பெயர் பாதி அழிந்திருக்கும். வெளிச்சத்துக்குக் காட்டிப் படித்தால்தான் தெரியும் பொடி எழுத்தில் உள்ளே இருப்பவை: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, ஒட்டுண்ணிக்கு ஒன்று, கூடவே குளோபெட்டசால். கடைசியாகச் சொன்னது ஸ்டீராய்டு, அதிலும் மிக வலிமையான வகுப்பு. சொரியாசிஸ் பிடித்த தடித்த தோலுக்காக உருவான மருந்து அது. தொடை இடுக்கின் மெல்லிய தோலுக்கு அது ஆகாது.

அரிப்பு என்பது கிருமியைக் கண்டு உடல் எழுப்பும் எதிர்ப்பு. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்குகிறது, கிருமியை அடக்குவதில்லை. காவலாளியைத் தூங்கவைத்த வீட்டில் திருடன் நிதானமாக அறை அறையாகப் போவதுபோல, அரிப்பில்லாத தோலில் பூஞ்சை பரவுகிறது. களிம்பை நிறுத்தியதும் இரண்டு மடங்காக அரிக்கும். “இந்தக் களிம்புதான் எனக்குச் சரியாகிறது, விட்டால் வந்துவிடுகிறது” என்று நோயாளி முடிவு செய்து அடுத்த ட்யூபை வாங்குவார். வட்டமும் சிவந்த விளிம்புமாக இருந்த படை அதற்குள் உருவம் இழந்திருக்கும். இப்படி உருமாறிய படையை அனுபவமுள்ள மருத்துவரே முதல் பார்வையில் எக்ஸிமா என்று நினைத்துவிடக் கூடும்.

சில மாதங்கள் கழித்து, தொடையின் உட்புறத்தில் ஊதாநிறக் கோடுகள் தெரியத் தொடங்கும். தோலின் அடிநார்கள் கிழிந்ததன் தழும்பு அது. படை ஆறினாலும் அந்தக் கோடுகள் போகாது. பதினெட்டு வயதுப் பையன்கள் அவற்றைக் காட்டி “இதற்கு என்ன மருந்து?” என்று கேட்கும்போது சொல்வதற்குப் பதில் இல்லாமல் நிற்பது எனக்குப் பழகவே இல்லை.

“வீட்டில் எல்லோரும் இதையே போடுகிறோம், டாக்டர் அம்மா. ஒரே ட்யூப்தான்” என்று ஒரு தாய் சொல்வார். மாமியார், கணவன், மகள் என எல்லோருக்கும் ஒரே படை. ட்யூப் ஒரு கையிலிருந்து மறுகைக்குப் போகிறது, அதோடு பூஞ்சையும் போகிறது.

மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை விற்கத் தடை இல்லையா?

உண்டு. வெளிப்பூச்சு மருந்து என்பதால் ஸ்டீராய்டு களிம்புகளுக்கு நீண்டகாலம் ஒரு விலக்கு இருந்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளை, மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான ‘எச்’ அட்டவணையின் கீழ் கொண்டுவந்து அந்த விலக்கை நீக்கியது. இந்தியத் தோல், பால்வினை, தொழுநோய் மருத்துவர்கள் சங்கம் பல ஆண்டுகள் விடாமல் குரல் கொடுத்ததற்குக் கிடைத்த பலன் அது. ஆனால், “படைக்கு ஒரு ட்யூப் கொடுங்கள்” என்று கேட்டால் சீட்டு கேட்காமல் எடுத்து நீட்டும் கடைகள் இன்றும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. கேட்பவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஓ.பி.யில் அரைநாள் நிற்பதற்குப் பதில் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தால் யார்தான் போக மாட்டார்கள்? அரசு மருத்துவமனைகளில் மாலைநேரத் தோல் பிரிவு நடத்தினால் இந்த விற்பனை கணிசமாகக் குறையும் என்பது என் உறுதியான எண்ணம்.

படர்தாமரை முழுதாக ஆற என்ன செய்ய வேண்டும்?

பொறுமையாக மருந்தைத் தொடர வேண்டும். நான்கு வாரத்துக்குக் குறையாது. பலருக்கு ஆறு, எட்டு வாரங்கள். அரிப்பு நின்ற பிறகும், விளிம்பு மறைந்த பிறகும் சிலகாலம் தொடரச் சொல்வார்கள். களிம்பைப் படை தெரியும் இடத்தோடு நிறுத்தாமல், விளிம்பைத் தாண்டி இரண்டு விரல் அகலம் தடவுங்கள்.

அரைஞாண் கயிற்றை மறக்காதீர்கள். குளித்த ஈரம் அதில் நாள் முழுக்கத் தங்குகிறது. கயிற்றின் கீழே ஒரு கோடு போல் படை ஒளிந்திருக்கும், மற்ற இடமெல்லாம் ஆறிய பிறகு அங்கிருந்து மறுபடி கிளம்பும். சிகிச்சைக் காலம் முடியும்வரை கழற்றிவிடுவது நல்லது. மனம் ஒப்பாதவர்கள் புதுக் கயிறாவது மாற்றிக்கொள்ளலாம். பாவாடை நாடா இறுகும் இடமும் இப்படித்தான். இறுக்கமான ஜீன்ஸ், லெக்கிங்ஸ் இரண்டையும் சில மாதம் ஒதுக்கி வையுங்கள். துண்டும் உள்ளாடையும் ஆளுக்குத் தனியாக இருக்க வேண்டும். வெந்நீரில் அலசி, உட்புறத்தை வெளியே திருப்பி, நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். வீட்டில் படை உள்ள எல்லோரும் ஒரே சமயத்தில் சிகிச்சை எடுக்காவிட்டால் ஒருவருக்கு ஆறுவதும் இன்னொருவரிடமிருந்து வருவதுமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசலாமா என்று கிராமத்தில் கேட்பார்கள். பூஞ்சையைத் தடுக்கும் பொருள் அந்த இலையில் இருப்பது உண்மைதான். ஆனால் உடல் முழுக்கப் பரவிய இன்றைய படைக்கு அது போதாது. பூண்டை அரைத்துக் கட்டுவது மட்டும் வேண்டாம், தோல் வெந்துவிடும்.

வீட்டில் எல்லோருக்கும் இரவில் அரிக்கிறது. இது சொறியா?

இரவில் கூடும் அரிப்பு, விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, ஆண்குறி, மார்புக்காம்பு ஆகிய இடங்களில் சிறு பருக்கள், வீட்டில் இன்னொருவருக்கும் அதே தொல்லை என்றால் பெரும்பாலும் சொறிதான். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு சிற்றுண்ணி தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடுவதால் வருவது. சாதாரணச் சொறியில் உடல் முழுவதும் சேர்த்தே பத்துப் பதினைந்து உண்ணிகள்தான் இருக்கும். அத்தனை அரிப்பும் அவற்றின் மீதான ஒவ்வாமை. அதனால்தான் முதன்முறை தொற்றியவருக்கு நான்கு முதல் ஆறு வாரம் கழித்தே அரிக்கத் தொடங்குகிறது. அதற்குள் விடுதி அறையில் பக்கத்துப் பாயில் படுத்தவருக்கும் போய்விடும்.

பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, நகக்கண் உட்பட, இரவில் பூசிக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் இன்னொரு முறை. அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டிலுள்ள அனைவரும் அதே இரவில் பூச வேண்டும். கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். துணி, போர்வை, தலையணை உறையை வெந்நீரில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கிவிட்டால் போதும். ஆளை விட்டுப் பிரிந்த உண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது.

மருந்து சரியாகப் பூசிய பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று தினமும் பூசி எரிச்சலை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

2017-ல் உலக சுகாதார நிறுவனம் சொறியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ‘குளிக்காதவனுக்கு வரும் நோய்’ என்று ஒதுக்கப்பட்ட ஒன்றுக்கு அந்த மரியாதை தாமதமாகத்தான் கிடைத்தது. தினமும் இருவேளை குளிப்பவருக்கும் இது வரும். நெருக்கம்தான் காரணம்.

குழந்தையின் சிரங்குப் புண்ணால் சிறுநீரகம் கெடுமா?

அரிதாக நடக்கும். சொறிந்த இடத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா சேர்ந்து சீழ் பிடித்தால், மூன்று முதல் ஆறு வாரம் கழித்துச் சிறுநீரக அழற்சி வரலாம். புண் ஆறிய குழந்தைக்குக் காலையில் முகம் வீங்கி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் அன்றே குழந்தைகள் நலப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

செய்யும் வேலைக்கும் தோல் நோய்க்கும் தொடர்பு உண்டா?

தொழிலைக் கேட்காமல் கையைப் பார்ப்பது பாதிப் பரிசோதனைதான். கட்டட வேலைக்காரரின் கையில் வெடிப்பும் தடிப்பும் இருந்தால் சிமெண்ட்டை நினைக்க வேண்டும். ஈரச் சிமெண்ட்டின் காரம் தோலை அரிக்கும், அதிலுள்ள குரோமேட் என்ற குரோமிய உப்பு ஒவ்வாமையைக் கிளப்பும். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சிமெண்ட்டில் அந்தக் குரோமேட் அளவைப் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறது. அதே கவனம் நம் சித்தாள்களுக்கும் கிடைக்க வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கும் குரோமியம்தான் எதிரி.

வயலில் வேலை செய்பவரின் முகம், கழுத்து மடிப்பு, இமை, முழங்கை மடிப்பு தடித்துக் கறுத்திருந்தால் பார்த்தீனியச் செடி. 1950-களில் புனே பக்கம் கவனிக்கப்பட்டு நாடெங்கும் படர்ந்த களை அது. காற்றில் பறக்கும் அதன் துகளே போதும். இல்லத்தரசிகளுக்கு விரல் நுனி வெடிப்பது பாத்திரச் சோப்பாலும் பூண்டு உரிப்பதாலும். முடிச்சாயம் பூசியவருக்குக் காதோரமும் நெற்றியும் வீங்கும். ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் பொட்டின் அளவிலேயே வெள்ளை விழுந்தால், அதன் பசையிலுள்ள ஒரு வேதிப்பொருள் நிறமிச் செல்களைக் கொல்கிறது என்று பொருள். பொட்டை நிறுத்தினால் பலருக்கு நிறம் திரும்பும்.

மங்குக்கு ‘சிவப்பாக்கும்’ கிரீம் போடலாமா?

மூன்று மருந்து கலந்த கிரீம் ஒன்று இதற்கென்றே புழங்குகிறது. நிறம் வெளுக்க ஒன்று, தோல் உரிய ஒன்று, மூன்றாவது ஸ்டீராய்டு. மருத்துவர் குறித்த சில வாரங்களுக்கு மட்டும் பயன்பட வேண்டிய அது, தோழி சொன்னாள் என்று ஆண்டுக்கணக்கில் பூசப்படுகிறது. முடிவில் முகம் சிவந்து, வெயிலில் எரிந்து, பருவும் ரோமமும் முளைத்து வருகிறார்கள். நிறுத்தினால் இன்னும் எரியும். மீண்டுவரப் பல மாதங்கள் ஆகும். மாநிறத்தைக் குறையாகப் பேசும் நம் வீடுகளில்தான் இந்தக் கிரீமுக்குச் சந்தை கிடைக்கிறது.

தொழுநோய் ஒழிந்துவிட்டதல்லவா?

இல்லை. 2005 டிசம்பரில் இந்தியா எட்டியது, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவு. ‘பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கம்’ என்பது அதன் முழுப்பெயர். ‘ஒழிந்தது’ என்று சுருங்கி மக்கள் காதில் விழுந்துவிட்டது. உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்றும் இந்தியாவில்தான் இருக்கிறார்கள்.

இந்த நோய்க்கு எதிரான போரில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்ற மருத்துவர் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் மீட்டார். வேலூரை அடுத்த கரிகிரியிலும் செங்கல்பட்டுத் திருமணியிலும் உள்ள தொழுநோய் ஆய்வு நிறுவனங்கள் தலைமுறைகளாகப் பணியாற்றுகின்றன. அந்த முன்னேற்றமே இன்று ஒரு வகையில் சிரமம் தருகிறது. நோயாளிகள் குறைந்ததால், இளம் மருத்துவர்களில் பலர் ஆரம்பநிலைத் தொழுநோயைப் பார்க்காமலே படிப்பை முடிக்கிறார்கள்.

கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. ஒரு முறை இரட்டிக்கவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். தொற்றிச் சராசரியாக ஐந்து ஆண்டு, சிலருக்கு இருபது ஆண்டு கழித்தும் தெரியவரும். வெளிறிய அல்லது செம்புநிறத் தேமல், அதில் தொட்டால், குத்தினால் உணர்வு குறைவு, வியர்வை இல்லை, ரோமம் உதிர்ந்திருக்கும். அரிக்காது, வலிக்காது. இட்லிச் சட்டியைப் பிடித்ததில் விரல் பொத்துப்போனதுகூடத் தெரியவில்லை என்று அவசரப் பிரிவுக்குத் தீக்காயத்தோடு வந்து, அங்கிருந்து தோல் பிரிவுக்கு அனுப்பப்படுபவர்கள் உண்டு. அதற்குள் நரம்பு போயிருக்கும்.

எளிய சோதனை: பஞ்சை நுனி திரித்து, கண்ணை மூடச் சொல்லி, தேமலிலும் பக்கத்துத் தோலிலும் மாறி மாறித் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வோம். காட்டும் விரல் தேமலில் மட்டும் தடுமாறும். ஒரு நிமிட வேலைதான். நெரிசலில் முதலில் கைவிடப்படுவதும் இந்த ஒரு நிமிடம்தான். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பாருங்கள் என்று மாணவர்களிடம் நான் மன்றாடுவது இதற்காக.

ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் சேர்ந்த கூட்டு மருந்து இலவசம். நோயின் வகைக்கேற்ப ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பிறருக்குப் பரவுவது நின்றுவிடும். வீட்டை விட்டு விலக்கவோ தனித்தட்டு வைக்கவோ தேவையில்லை. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்த சட்டப்பிரிவுகளை நாடாளுமன்றம் 2019-ல்தான் நீக்கியது.

வெண்புள்ளி தொற்றுமா?

தொற்றாது. தொழுநோயோடு எந்த உறவும் இல்லை. உடலின் எதிர்ப்பாற்றலே நிறமிச் செல்களைத் தாக்குவதால் வருகிறது. மீன் சாப்பிட்டுப் பால் குடித்ததால் வரவில்லை. பெண்ணின் திருமணத்தை இதற்காக நிறுத்தாதீர்கள்.

அக்கிக்கு எழுதினால் போதாதா?

குயவர் வீட்டுக்குப் போய்க் காவிமண்ணைக் குழைத்து அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் உண்டு. குளிர்ந்த மண் எரிச்சலைச் சற்றுத் தணிக்கும், எழுதுபவரின் பரிவும் ஆறுதல் தரும். ஆனால் அக்கி என்பது சிறுவயதில் வந்த அம்மைக் கிருமி நரம்பில் உறங்கி மறுபடி விழித்தது. வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன். வயதானவர்களுக்கு மாதக்கணக்கில் நீளும் நரம்பு வலிதான் இந்த நோயின் உண்மையான தண்டனை. மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணுக்கும் ஆபத்து என்று அர்த்தம். அன்றே கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

கழுத்து கறுத்துத் தடிக்கிறது. அழுக்கா?

தேய்த்துக் கழுவாதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். சர்க்கரையைச் சோதியுங்கள், எடையைக் கவனியுங்கள்.

மதுரைக் கால் இன்னும் வருகிறதா?

குறைந்துவிட்டது, போய்விடவில்லை. 1842-ல் மதுரையில் ஜான் கில் என்ற மருத்துவர் தன்னிடம் வந்த நோயாளிகளைப் பார்த்து எழுதியதால் அந்த ஊரின் பெயர் உலக மருத்துவ நூல்களில் ஏறியது. வெறுங்காலில் முள் தைத்த இடத்தில் மண்ணிலுள்ள பூஞ்சையோ பாக்டீரியாவோ நுழைந்து, பாதம் வலியில்லாமல் வீங்கி, பல துளைகள் விழுந்து, கறுப்பு அல்லது வெள்ளை மணிகள் வெளிவரும். எந்தக் கிருமி என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பாக்டீரியா வகை மருந்துக்கு நன்றாகக் கேட்கும், பூஞ்சை வகைக்கு நீண்ட சிகிச்சையும் சில சமயம் அறுவையும் தேவைப்படும். இதுவும் வலிக்காத நோய், ஆகையால் தாமதமாகவே வருகிறார்கள்.

எப்போது ஓ.பி. வரிசைக்குக் காத்திருக்கக் கூடாது?

வலிப்பு மருந்து, சல்ஃபா வகைக் கிருமி எதிர்ப்பு மருந்து, வலிநிவாரணி போன்ற ஏதாவது புதிதாகத் தொடங்கிய சில வாரங்களுக்குள் காய்ச்சல், தோலில் எரிச்சலோடு சிவப்பு, வாயிலும் கண்ணிலும் புண், கொப்புளம் என்று வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். உயிருக்கு ஆபத்தான மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். உதடும் நாக்கும் வீங்கி மூச்சுத் திணறினாலும், கால் சிவந்து சூடாகிக் காய்ச்சலோடு வீக்கம் ஏறினாலும் அப்படியே.

முதன்முறை போகும்போது என்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

இதுவரை பூசிய எல்லா ட்யூபையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். “ஏதோ வெள்ளைக் களிம்பு” என்பதைவிட அது ஆயிரம் மடங்கு உதவும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளின் பெயர்களும் வேண்டும். அன்று காலை பவுடர், களிம்பு, மஞ்சள் எதுவும் பூசாதீர்கள். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பூஞ்சை பார்க்க அது இடைஞ்சல். எளிதில் கழற்றக்கூடிய ஆடை அணியுங்கள். வீட்டில் அரிப்பவர் யாராவது இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். முதுகில் ஒரு தேமல் நெடுநாளாக இருக்கிறது, அரிக்கவே இல்லை என்றால் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.